பத்தாவது ஆளின் தூக்கம்

போன மாதம் உங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் என்னை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "அக்கா, வீட்டுலயும் வேலை, இங்கயும் வேலைன்னு கெடக்கிற பொம்பளைங்க களைப்பாற என்ன வழின்னு எழுதிக் குடுங்க. புதுசா மண்டோரா வந்திருக்கிற பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டணும்" என்று கேட்டீர்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துப் பிழை வந்தால் சிரிப்பீர்களோ என்று ஒரு கவலை. எழுத வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையாவது எழுதிவிடுவேனோ என்று அதைவிடப் பெரிய கவலை.

முதலில் வேறு எதையோதான் எழுதினேன். வேலை முடிந்து போனதும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் காலை வையுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். கொண்டையை இறுக்கிப் போடாதீர்கள், தலைவலி வரும். இப்படி ஒரு பக்கம். படித்துப் பார்த்தேன். பொய் ஒன்றும் இல்லை. செய்தால் நல்லதுதான். ஆனாலும் கிழித்துப் போட்டேன். களைப்பாறுவதைப் பற்றி எனக்கு உண்மையாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதை நான் தெரிந்துகொண்ட விதம் வெளியே சொல்லக்கூடியது இல்லை என்பதால் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் மண்டோர்கள். நாலு பேரை மேற்பார்வை பார்க்கிறவர்கள். உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. காஜா பேராங் சாலையில் நான் வேலை செய்த சலவைக்கூடம் இருந்தது. உங்களுக்கு இருக்கிற மாதிரி மிஷின் எல்லாம் கிடையாது. பின்பக்கம் ஆண்கள் துணி வெளுத்துக் காயப்போடுவார்கள். முன்பக்கம் நீளமான கொட்டகையில் பத்துப் பெண்கள், பத்து மேசை, பத்துக் கரி இஸ்திரிப் பெட்டி. துரைமார் வீட்டு வெள்ளைச் சட்டைகள், கிளப்பு மேசை விரிப்புகள், விடுதிப் படுக்கை விரிப்புகள் என்று மலைபோலக் குவிந்திருக்கும். மேலே தகரக் கூரை. மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே நிற்பது அடுப்புக்குள் நிற்கிற மாதிரி.

அந்தப் பத்துப் பேரும் விடிவதற்கு முன்னால் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு வருகிறவர்கள். திரும்பிப் போனதும் மறுபடி அடுப்படி, பிள்ளைகள், தண்ணீர் பிடிப்பது. உட்கார்ந்தால் புருஷன் கூப்பிடுவான். படுத்தால் மாமியார் கேட்பாள். வீட்டில் அவர்களுக்கென்று ஒரு மணி நேரம் கிடையாது.

ஆனால் கொட்டகைக்குள் அவர்களுக்குள்ளே ஓர் ஏற்பாடு இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது. தினமும் மத்தியானச் சோறு ஆனதும், ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை ஒருத்தி மட்டும் வேலை செய்யமாட்டாள். கொட்டகைக் கோடியில், இஸ்திரி போடாத படுக்கை விரிப்புகளைக் குவித்து வைக்கும் மூலையில் போய்ப் படுத்துவிடுவாள். அவள் மேசைத் துணியை மற்ற ஒன்பது பேரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். இன்றைக்கு ஒருத்தி, நாளைக்கு அடுத்தவள். பத்து வேலைநாளுக்கு ஒருதடவை எல்லோருக்கும் அந்த ஒரு மணி நேரம் வரும். 'முறை' என்று சொல்வோம். "இன்னைக்கு யாரு முறை?" என்று காலையில் வந்ததுமே கேட்டுக்கொள்வார்கள். முறைக்காரியை யாரும் அன்றைக்குக் கோபமாகப் பேசமாட்டார்கள். படுத்தவளைக் கூப்பிடக் கூடாது. என்ன செய்தாள் என்று கேட்கக் கூடாது. இவைதான் சட்டம்.

ஏனென்றால் எல்லோரும் தூங்குவதில்லை. ஒருத்தி சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பாள். ஒருத்தி கூந்தலை அவிழ்த்துப் பரப்பிவிட்டுத் தனக்குள்ளே பாடுவாள். ஒருத்தி விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மேசைக்கு வந்துவிடுவாள். மாரியாயி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை, நாலு பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். அவள் படுத்தால் குறட்டைதான். "லாரி வந்திருச்சி, துணி ஏத்துங்கடி" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

மீனாச்சி அக்காவும் அந்தப் பத்துப் பேரில் ஒருவர். செட்டிக் கம்பத்துக்காரர். பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாய்க்காரரோடு கலந்துவிட்ட நம் ஆட்கள் இருக்கிற கிராமம் அது. சலவைக்கூடத்துக்கு எட்டின தூரத்தில்தான் வீடு. அவர்கள் கும்பிடுவது நம் சாமி, கட்டுவது மலாய்ப் பெண்களின் சாரோங் கெபாயா, பேசுவது மலாய். அங்கங்கே ஒன்றிரண்டு தமிழ்ச் சொல் வரும். என்னை அடேக் என்று கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம். அவர் சொன்னதையெல்லாம் நான் தமிழில்தான் எழுதப்போகிறேன், பேசியது மலாய் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தூங்குகிற மாதிரி நான் யாரையும் பார்த்ததில்லை. தலை விரிப்பில் படுவதற்குள் தூங்கியிருப்பார். விளக்கை அணைத்த மாதிரி.

ஒருநாள் மாரியாயி கேட்டாள்: "மீனாச்சிக்கா, கனவுலயாச்சும் தமிழ் பேசுவியா?"

"கனவு காண நேரம் எங்க குடுக்கிறீங்க? ஒரு மணி நேரம்தானே" என்றார் அவர். கொட்டகையே சிரித்தது.

என் முறை வந்தால் எனக்குத் தூக்கம் வராது. முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு விறைத்துப் படுத்திருப்பேன். இரண்டு மணி ஆனதும் அப்பாடா என்று எழுந்து ஓடுவேன். எனக்கு அந்த ஒரு மணி நேரம் தண்டனை. அதனால்தானோ என்னவோ, மற்றவர்களுக்கு அது என்ன என்று எனக்கு விளங்கவே இல்லை.

எனக்கு முன்னால் இருந்த வயசான மண்டோருக்குத் தீராத இருமல். கொட்டகைக்கு நாலு எட்டு முன்னாலேயே இருமத் தொடங்கிவிடுவார். மத்தியானத்தில் இன்னும் அதிகம். காசநோயோ என்று நான் அவர் டம்ளரைக்கூடத் தொடமாட்டேன். அவர் வேலையை விட்டுச் சிரம்பானில் மகன் வீட்டுக்குப் போகப் புறப்பட்டபோது, நாள் முழுக்க எங்களோடு உட்கார்ந்து பேசினார். ஒருதடவைகூட இருமவில்லை. அப்போதும் எனக்குப் புரியவில்லை. பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது, படுத்திருக்கிறவளுக்கு நான் வருகிறேன் என்று சொல்லுகிற இருமல் அது.

அவருக்குப் பதிலாக முதலாளி என்னை மண்டோராகப் போட்டார். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. பயந்தவள் எப்படித் தாமதமாக வருவாள்? என் மேசைக்கு அஞ்சலை என்று ஒரு பிள்ளை வந்தாள், கைக்குழந்தைக்காரி. என் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தம்பிகள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தூக்கி வளர்க்கத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா அக்கம்பக்கம் எல்லாம் போய், "எம்மக மண்டோரு" என்று சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது. மேசையில் நின்றவரைக்கும் முறை என்பது எல்லோருடைய ரகசியம். இப்போது அது என் தலையில். முதலாளி ஒருநாள் மத்தியானம் வந்துவிட்டால்? "ஒனக்குத் தெரிஞ்சே நடந்திச்சா?" என்று கேட்டால்? தெரியும் என்றால் வேலை போகும். தெரியாது என்றால் பொய். ஒரு மணி அடித்தால் கோடிக்கு ஓடிப்போய், படுத்திருக்கிறவளை மறைத்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்று அம்மா வேப்பிலை அடிக்கவைத்தார்.

மூன்று வாரம் தாங்கினேன். அப்புறம் ஒரு வியாழக்கிழமை காலை, நானே போய் முதலாளி மேசை முன்னால் நின்றேன். அவராகக் கண்டுபிடிப்பதைவிட நானே சொல்லிவிட்டால் தப்பு என்மேல் வராது. அவரும் நல்ல மனுஷன். ஒருவேளை சரி என்று அனுமதியே கொடுத்துவிட்டால், எல்லோரும் பயமில்லாமல் படுக்கலாம். அப்படியும் நினைத்தேன். அதை இப்போது சொன்னால் சமாதானம் மாதிரி இருக்கிறது. என் பயம்தான் முதலில் நடந்தது, அந்த நல்ல எண்ணம் பின்னாலே வந்தது.

"மொதலாளி, ஒண்ணு சொல்லணுங்க."

"சொல்லு தங்கம். பசியாறிட்டியா?"

"ஆச்சுங்க." எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "அடடே. இத்தன வருஷமா எனக்குத் தெரியலையே. கெட்டிக்காரப் பொம்பளைங்கதான்."

"கோவம் இல்லிங்களா?"

"கோவம் எதுக்கு? வேலை நிக்குதா?"

"இல்லிங்க, இல்லிங்க. படுத்தவ துணியையும் சேர்த்து ஒம்பது பேரும் போட்டுருவாங்க. ஒரு துணி தங்காது." பாரம் இறங்கின சந்தோஷத்தில் பெருமையாகவே சொன்னேன்.

"தெனமுமா?"

"தெனமும்தாங்க."

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் வேறு எங்கோ போய்விட்டது. மேசைமேல் கிடந்த துணிச் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"தொரைமாருங்க மூட்டை கட்டுறாங்க, தங்கம். ஆகஸ்டுக்கு அப்புறம் கிளப்புத் துணி வருமோ வராதோ. ஒரு ஆளக் கொறைக்கணும்னு ரெண்டு மாசமா ரோசிச்சிக்கிட்டு இருக்கேன். கொறைச்சா வேலை தேங்கிடுமோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். பத்துப் பேரு வேலைய ஒம்பது பேரு செஞ்சிடுறாங்கன்னு நீ சொல்லித்தானே தெரியுது."

ஒரு மணி நேரம் இழுத்துப் பிடித்துச் செய்வது வேறு, நாள் முழுக்க அப்படிச் செய்வது வேறு. நாளைக்குத் தனக்கும் அந்த ஒரு மணி நேரம் வரும் என்பதால்தான் அந்த ஒன்பது கைகளும் அவ்வளவு வேகமாக ஓடின. அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எட்டு வருஷம் அந்த மேசையில் நின்றவள் நான். சொல்லியிருக்க வேண்டும்.

"யாருன்னு நீயே பேரு குடுத்துரு" என்றார். "ஒனக்குத்தான் அவங்களத் தெரியும். சனிக்கெழமைக்குள்ள சொல்லு."

அந்த வியாழனும் வெள்ளியும் நான் கொட்டகையில் நடந்த நடையை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு போவேன். பத்துப் பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "என்னா தங்கம், மொகம் வெளிறிக் கெடக்கு? ஒனக்கும் ஒரு முறை குடுக்கட்டுமா? என்னுத எடுத்துக்க" என்று மாரியாயி கேட்டாள்.

கடைசியாக வந்தவள் அஞ்சலை. நியாயப்படி அவள் பேர். ஆனால் கைக்குழந்தை, அதோடு அவள் மாமியார் எங்கள் பக்கத்து வீடு. மாரியாயியை நினைக்கவே முடியாது. நாலு பிள்ளை என்பது ஒரு காரணம். அவள் வாய்க்குப் பயம் என்பது உண்மையான காரணம். இப்படி ஒவ்வொருத்தியாகக் கழித்தேன். முக்கால்வாசிப் பேர் என்னோடு புக்கிட் பாருவிலிருந்து ஒன்றாக நடந்து வருகிறவர்கள். கடைசியில் மீனாச்சி அக்காதான் மிஞ்சினார். சொந்த வீடு இருக்கிறது, சொந்தக்காரர்கள் சுற்றி இருக்கிறார்கள், பலகாரம் செய்து விற்கத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் வீட்டு வாசலை நான் ஒருநாளும் மிதித்ததில்லை. புருஷன் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் சண்டைக்கு வந்தாலும் எங்கள் தெருவில் வந்து தமிழில் கத்தமாட்டார். அவ்வளவுதான் என் கணக்கு.

சனிக்கிழமை காலை முதலாளியிடம் போனேன். "யாரு?" என்றார். அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. அவர் பத்துப் பேரை எண்ணினார். அந்தக் கொட்டகையில் இருந்தது பதினோரு பேர். பதினோராவது ஆள் ஒருத்தி இருந்தாள், ஒரு கைக்குட்டைகூட இஸ்திரி போடாதவள். தாங்களாகவே முறை வைத்து, தாங்களாகவே வேலையைப் பிரித்து, ஒரு துணியும் தங்காமல் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்களுக்கு மண்டோர் எதற்கு? "என்னை நிப்பாட்டிடுங்க" என்று ஒரு வார்த்தை. தொண்டைவரைக்கும் வந்தது. அம்மா தெரு முழுக்கப் போய்ச் சொன்னது ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டு, "மீனாச்சிக்கா" என்றேன்.

"அந்தச் செட்டிப் பொம்பளையா? சரி. நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது."

அன்றைக்கு மீனாச்சி அக்காவின் முறை. ஒரு மணிக்குப் போய்ப் படுத்தார். நான் கொட்டகை வாசலில் நின்றேன். எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை போய்த் திரும்பினேன். கடைசியாகத் தூங்கிக்கொள்ளட்டும் என்று விட்டேன். இதையும் நல்ல மனசு என்று நினைக்காதீர்கள். தள்ளிப்போட்டேன். இரண்டு மணிக்கு அவர் எழுந்து, கொண்டையைக்கூட இன்னும் முடிந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்தபோது போய்ச் சொன்னேன். துரைமார் போகிறார்கள், துணி குறைகிறது, இன்றோடு வேலை இல்லை.

தூக்கம் கலையாத முகத்தோடு என்னையே பார்த்தார். "யாரு எடுத்தது என் பேரை?"

"மொதலாளிதான்" என்றேன். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தேன். அடக்கவே முடியவில்லை. எல்லோரும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அழாத, அடேக். நீ என்ன செய்வ. நீயும் கூலிக்கு நிக்கிறவதானே." அந்த விரிப்பின் முனையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அப்புறம் மேசைக்குப் போய், அன்றைய துணி முழுவதையும் போட்டு முடித்தார். போகும்போது பெட்டியிலிருந்த சாம்பலைக் கொட்டி, அடியைத் துடைத்து, அடுத்தவள் எடுக்க வசதியாக வைத்துவிட்டுப் போனார். அடுத்தவள் என்று யாரும் வரப்போவதில்லை.

திங்கட்கிழமை முதலாளி கொட்டகைக்குள் வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தங்கம் நல்லா ரோசிச்சுத்தான் பேரு குடுத்துச்சு. சொந்த வீட்டுக்காரவங்க, சமாளிச்சுக்குவாங்க. நீங்க ஒம்பது பேரும் அந்த மத்தியான வேகத்தையே பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்தது. அப்புறம் மாரியாயிதான் கேட்டாள். கத்தவில்லை.

"மொறையச் சொல்லிட்டியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாங்க படுத்தது ஒனக்கு எங்கடி வலிச்சிச்சி? நீயும்தானே எட்டு வருஷம் படுத்த?"

"பயமா இருந்துச்சி மாரியாயி."

"பயமா இருந்தா எங்ககிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல. நிப்பாட்டிட்டுப் போயிருப்போம். நாங்க என்ன ஒன்னைய விடவா அது பெருசுன்னு சொல்லியிருக்கப் போறோம்?"

அவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேலே போய்ச் சொல்லத்தான் தோன்றியது. அன்றிலிருந்து என்னைத் தங்கம் என்று அங்கே யாரும் கூப்பிடவில்லை. மண்டோரம்மா என்றார்கள். நான் வருவதைப் பார்த்தால், "மண்டோரம்மா வர்றாங்க, கண்ணத் தெறந்து வச்சிக்கங்கடி" என்று மாரியாயி சொல்வாள். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

முறை நின்றுவிட்டது. நான் நிறுத்தச் சொல்லவில்லை, முதலாளியும் சொல்லவில்லை. ஒன்பது பேருக்குப் பத்து மேசைத் துணி. எட்டுப் பேர் போட ஒருத்தி படுக்க இடமே இல்லை. மத்தியான வேகத்தை நாள் முழுக்கப் பிடித்துப் பார்த்தார்கள். பத்து நாளில் கை தளர்ந்துபோனது. கூந்தலை அவிழ்த்துப் பாடுவாளே, அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். அழுகிறவள் மேசையில் நின்றபடியே அழுதாள், வெள்ளைச் சட்டையில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

தங்கச்சிமார்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மறந்துபோவேன். உங்களுக்குக் கீழே இருக்கிற பெண்கள் எங்கேயாவது ஒரு மூலையில் கொஞ்ச நேரம் களைப்பாறுவதைப் பார்த்தால், அது வேலையைத் திருடுவது என்று உடனே நினைக்காதீர்கள். அதற்கான உழைப்பை அவர்கள் ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள். அதைச் சீர்படுத்திக் கொடுக்கிறேன், சட்டமாக்கித் தருகிறேன் என்று மேலே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால், அந்தப் பயத்தை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். ஒருவர் பேரைச் சொல்லும்படி உங்களைக் கேட்டால், சொல்வதற்கு முன்னால் உங்களையும் சேர்த்து எண்ணுங்கள். எண்ணிவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆகஸ்டு கடைசியில் சுதந்திர நாள். சலவைக்கூடம் மூடியிருந்தது. ஊரே திடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தம்பிகள் கொடி வாங்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. கால் என்னவோ காஜா பேராங் பக்கம் திரும்பியது. மாதக்கணக்கில் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

செட்டிக் கம்பத்தில் வாசலுக்கு வாசல் மாவிலை கட்டியிருந்தார்கள். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். மீனாச்சி அக்கா முன்னறையில் பாயைப் போட்டு உட்கார்ந்து, வாழையிலையில் பலகாரம் மடித்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "வா, அடேக். உக்காரு" என்றார்.

உட்காருவதற்குள் உள்ளேயிருந்து ஓர் ஆணின் குரல், "நாச்சி" என்றது. எழுந்து போனார். தண்ணீர் கொடுக்கிற சத்தம், புரட்டிப் படுக்கவைக்கிற சத்தம். வந்து உட்கார்ந்தார். இரண்டு இலை மடித்திருப்பார், மறுபடி "நாச்சி." புருஷன் இடுப்புக்குக் கீழே விளங்காமல் படுத்து ஆறு வருஷம் ஆயிற்றாம். அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ராத்திரியும் இப்படித்தானா என்று கேட்டேன். "ராத்திரிதான் அதிகம்" என்றார். அவர் வேலைக்குப் போகிற நேரத்தில் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்வாராம். வீட்டில்தான் இருக்கிறாரே என்று இப்போது நாத்தனாரும் வருவதில்லையாம்.

விளக்கை அணைத்த மாதிரி அவர் ஏன் தூங்கினார் என்று அப்போது புரிந்தது.

"அக்கா, மொதலாளி இல்ல" என்றேன். "நான்தான் உங்க பேரக் குடுத்தேன்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அன்னைக்கே தெரியும். மொதலாளி எடுத்த பேருக்காக யாரும் அவ்வளவு அழமாட்டாங்க."

"தெரிஞ்சுமா என்னைத் தேத்துனீங்க?"

அவர் ஓர் இலையை எடுத்துப் பலகாரம் வைத்து மடித்தார். "எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நீ திங்கக்கெழம அவங்க முன்னாடி நிக்கணும்ல." மடித்த இலையைத் தட்டில் வைத்துவிட்டு, "இன்னைக்கு வேலை இருந்திருந்தா யாரு முறை?" என்று கேட்டார்.

"இப்ப முறை இல்லக்கா. யாரும் படுக்கிறதில்ல."

அவர் கை நின்றது. அதுவரைக்கும் அவர் முகத்தில் கோபம் இல்லை. அப்போதும் கோபம் என்று சொல்ல முடியாது. "நான் போனா, மிச்சம் ஒம்பது பேருக்காவது அது இருக்கும்னு நெனச்சேன்" என்றார். "அழுதவ அதையாச்சும் காப்பாத்துவான்னு நெனச்சேன்."

உள்ளேயிருந்து புருஷன் கூப்பிட்டார், அக்கா போய்விட்டு வந்தார். என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து, அவர் கையில் இருந்த இலையை வாங்கப் போனேன். "அக்கா, ஒரு மணி நேரம் படுங்க. அண்ணன நான் பார்த்துக்கிறேன். கூப்பிட்டா தண்ணி குடுக்கிறேன், புரட்டிவிடுறேன். இதையும் மடிச்சு வைக்கிறேன். நீங்க இங்கயே படுத்துத் தூங்குங்க. ஒரு மணி நேரம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்க ஒம்பது பேரு நின்னுக்கிட்டு இருந்தீங்க. அதனால தூக்கம் வந்துச்சி" என்றார். "ஒன் ஒருத்திய நம்பிக் கண்ண மூட முடியாது, அடேக்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. மழை வரும் போலிருக்கிறது, துணியை எடு என்று சொல்வோமே, அப்படிச் சொன்னார். நான் வாசலைப் பார்த்துத் திரும்பினேன். அவர் மூலையில் கழுவிக் குவித்திருந்த வாழையிலைகளை என் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு துணியையும் தூக்கிப் போட்டார்.

"வந்ததுக்கு இதத் துடைச்சிக் குடுத்துட்டுப் போ."

உட்கார்ந்து துடைத்தேன். திடலிலிருந்து வாத்தியச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அவருக்குக் கண் சொருகிக்கொண்டே வந்தது. தலை ஒரு பக்கம் சாய்வதும், சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் ஒரு சத்தமும் வராமல் இலையைத் துடைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே இருந்திருப்பேன். அவ்வளவு நேரமும் அவர் தூங்கவே இல்லை.